குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்: சானடோரியம் முதல் அடையாறு வரை ஒரு வரலாறு

கடற்கரையில் இருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்தைத் தொடுவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் 'தாம்பரம் சானடோரியம்' என்று நிற்கும். தினமும் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே காலேஜுக்கும் வேலைக்கும் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே ஏன் அந்தப் பெயர் என்று யோசிப்பவர்கள் குறைவு.

1928ல் டாக்டர் சவுரி முத்து என்ற தமிழர் அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே 250 ஏக்கர், மரங்கள், சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. அன்றைக்குக் காசநோய்க்கு வைத்தியம் என்றால் இவ்வளவுதான், ஏனென்றால் மருந்து என்று எதுவும் கிடையாது. 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. தனியாகக் கொடுத்தபோது நோய் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வந்தது. இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் கிருமி தோற்றது. அதிலும் ஒரு சிக்கல். உடம்பு தேறியதும் நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். சேத்துப்பட்டில் 1956ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959ல் உலகத்துக்கே காட்டியது. ஒரே ஒரு நிபந்தனை: மருந்தைக் கடைசி வரை விடாமல் சாப்பிட வேண்டும்.

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, கடைசி வரை கொடுப்பது. இந்த இரண்டு பாடங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சை வளர்ந்த கதையும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது. அதிலும் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

மூன்று தடவை மெட்ரிக் எழுதிய பையன்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதிலும் 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா' என்ற வகை. எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும். நல்ல ரத்த அணுக்களுக்கு இடம் இல்லாமல் போகும். குழந்தை வெளிறிப் போகும், காய்ச்சல் விடாது, உடம்பில் அங்கங்கே ரத்தம் கட்டும். 1947க்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்துவிடும். உலகின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இதை மாற்றிய மருந்தின் பின்னால் இருந்தவர் சென்னையில் படித்தவர். எல்லாப்ரகடா சுப்பாராவ், 1895ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் தேர்வில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து எழுதிப் பாஸானார். பிறகு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னதைக் கேட்டு கதர் உடுத்திக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். கடைசியில் கைக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு 1923ல் அமெரிக்கா போனார்.

சுப்பாராவின் சகோதரர்கள் 'ஸ்ப்ரூ' என்ற வயிற்று நோயில் இறந்தவர்கள். அந்த நோயோடு சம்பந்தப்பட்ட வைட்டமின்தான் ஃபோலிக் அமிலம். 1930களின் தொடக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர், பம்பாய் மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தபோது இந்த வைட்டமினின் முதல் தடயம் கிடைத்தது. பல வருடம் கழித்து, லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தசோகைக்கு நல்லதென்றால் ரத்தப் புற்றுநோய்க்கும் நல்லதாக இருக்கலாம் என்று குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். விளைவு தலைகீழாக இருந்தது. நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது! அப்படியானால் புற்றுச் செல்களுக்கு இதுதான் தீனி. அந்தத் தீனியைத் தடுத்தால்? ஃபோலிக் அமிலம் போலவே தோற்றம் காட்டி, செல்லை ஏமாற்றும் போலிகளை சுப்பாராவின் குழு செய்து அனுப்பியது. அதில் ஒன்று அமினோப்டெரின்.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் தன் முடிவுகளை வெளியிட்டார். மோசமான நிலையில் இருந்த 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 பேருக்கு நோய் அடங்கியது. எழுந்து உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், சிலர் விளையாடவும் செய்தார்கள். ஆனால் அது தற்காலிகம்தான். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. கட்டுரை வந்த இரண்டாவது மாதம், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் காலமானார். வயது 53. அமினோப்டெரினின் தம்பி மாதிரியான மெதோட்ரெக்சேட் இன்றைக்கும் உலகம் முழுவதும் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.

வாசலில் பூக்கும் மருந்து

அடுத்த பதினைந்து வருடத்தில் ஒவ்வொன்றாக மருந்துகள் வந்தன. 1953ல் மெர்காப்டோபியூரின். ஸ்டீராய்டு மாத்திரைகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டின்.

வின்கிரிஸ்டின் எதில் இருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியில் இருந்து! தாம்பரம், செம்பாக்கம், வேளச்சேரி பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வாசலில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது. சுடுகாட்டுப் பக்கம் தானாக வளர்வதால் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். செடியின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகப் பயன்பட்டதால் கனடாவிலும் அமெரிக்காவிலும் அதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்து பிறந்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். ஒரே ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் தென் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இதைப் பயிராகவே வளர்த்து ஏற்றுமதி செய்தார்கள். சுடுகாட்டுச் செடி என்று ஒதுக்கப்பட்டது குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்தானது.

மருந்துகள் தனித்தனியாக இருந்தவரை பலன் சில மாதங்கள்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரெய், ஃப்ரெய்ரைக் என்ற இரண்டு டாக்டர்கள் நான்கு மருந்துகளையும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். காசநோயில் பலித்த அதே யோசனை. ரத்தத்தில் இருந்து நோய் மறைந்தது. ஆனால் சில குழந்தைகள் சில மாதம் கழித்துத் தலைவலியோடும் வலிப்போடும் திரும்பி வந்தார்கள். மருந்து எட்டாத மூளைப் பகுதியில் சில செல்கள் ஒளிந்துகொண்டிருந்தன.

மெம்பிஸ் நகரில் 1962ல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் அந்த ஓட்டையை அடைத்தார். மூளைக்குக் கதிர்வீச்சு, முதுகுத்தண்டில் மருந்து ஊசி, அதன் பிறகு இரண்டு மூன்று வருடங்களுக்கு விடாமல் மாத்திரை. 1967ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். 'குணமாகிவிட்டது' என்ற வார்த்தையை ரத்தப் புற்றுநோய் டாக்டர்கள் தைரியமாகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

அடையாற்றில் 12 படுக்கைகள்

இதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். புதுக்கோட்டையில் 1886ல் பிறந்தவர். சுப்பாராவ் படித்த அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் அவருக்கு முன்பே, 1912ல், பட்டம் வாங்கியவர். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர். 1920களில் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். சீதபேதி என்று தவறாக நினைத்து வைத்தியம் பார்த்ததில் காலம் போய்விட்டது. அந்த வேதனையில் இருந்துதான் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் முளைத்தது.

அது நிறைவேற முப்பது வருடம் ஆனது. அரசாங்கத்துக்கு அதில் அக்கறை இல்லை. சாகப்போகிறவர்களுக்கு எதற்குப் பணம் என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம். இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாறு காந்தி நகரில் கேன்சர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. 12 படுக்கைகள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருடம் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மகளிர் மருத்துவமனையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர். 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகம்தான் அவருடைய வீடு.

1957ல் கனடாவில் இருந்து கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. ஆசியாவில் முதன்முதலாக வந்தவற்றில் ஒன்று. 1960ல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். இந்தியாவில் குழந்தைகள் புற்றுநோய்க்கான முதல் பிரிவு இதுதான் என்று நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. வருடத்தைக் கவனியுங்கள். மெம்பிஸ் மருத்துவமனை திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு! குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல, அதற்கு வரும் புற்றுநோயும் வேறு, வைத்தியமும் வேறு என்பது அடையாற்றில் அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்கிறது.

மூன்று ஊர், ஒரே சிகிச்சை முறை

ஆனால் புரிந்தது மட்டும் போதவில்லை. 1970களில் மேலை நாடுகளில் பாதிக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் பிழைத்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. மருந்தின் பெயர்கள் இங்கே எல்லா டாக்டர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

உகாண்டாவில் குழந்தைகளின் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த அனுபவம் உள்ள இயன் மக்ராத் அப்போது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் இருந்தார். அவரோடு சேர்ந்து மும்பை டாட்டா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்று மையங்களும் 1980களில் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்ற ஆரம்பித்தன. அதற்குப் பெயர் எம்.சி.பி. 841. அமெரிக்க முறையை அப்படியே காப்பியடிக்காமல், இந்திய மருத்துவமனையில் இருக்கும் வசதிக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. மருந்தின் வீரியம் ரொம்ப அதிகமானால் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்து, கிருமித்தொற்றில் குழந்தை இறந்துவிடும். ஏற்கெனவே சத்துக்குறைவான குழந்தைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இருபது வருட அனுபவத்தைத் தொகுத்து 2005ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். நான்கு வருடம் கழித்தும் நோயில்லாமல் இருந்தவர்கள் மையத்துக்கு மையம் மாறி, சுமார் 40 முதல் 60 சதவீதம். அதாவது இரண்டு மடங்கும் அதற்கு மேலும். சென்னையின் நிலைமை கொஞ்சம் கஷ்டமானது. இங்கே வந்த குழந்தைகளில், குணப்படுத்தக் கடினமான டி-செல் வகை மேலை நாடுகளை விட அதிகமாக இருந்தது. நோய் முற்றிய பிறகு வருகிறவர்களும் அதிகம்.

இதற்குப் புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் முக்கியம். இருந்த மருந்துகளை ஒழுங்காக, ஒரே முறையில், கணக்கு வைத்து, தொற்று வராமல் பார்த்துக்கொண்டு, முடிவு வரை கொடுத்தார்கள்.

பில்லில் வராத செலவு

இந்த 'முடிவு வரை' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிகிச்சை இரண்டு வருடத்துக்கும் மேல் நடக்கும். முதல் மாதத்திலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கிவிடும். காய்ச்சல் போகும், பசி வரும், சில மாதங்களில் கொட்டிய முடி மறுபடி முளைக்கும். திருவண்ணாமலைப் பக்கத்தில் இருந்து வரும் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தை தெருவில் ஓடியாடுகிறது. "இன்னும் எதுக்கு ஊசி?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சென்னைக்கு வர இரண்டு பேருக்குப் பஸ் செலவு, தங்கும் செலவு, சாப்பாடு, போன நாட்களுக்கான கூலி நஷ்டம். வீட்டில் இன்னொரு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? ஏற்கெனவே நகை அடகுக் கடையில்.

மருந்து இலவசம் என்று சொன்னாலும் இந்தச் செலவு அப்படியே நிற்கும். எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் இது வராது. அதனால் சிகிச்சை பாதியில் நிற்கிறது. நோய் திரும்பி வரும்போது பழைய மருந்துக்கு அடங்குவதில்லை. சானடோரியம் காலத்துக் காசநோயாளியின் கதையேதான்.

அடையாற்றில் ஆரம்பம் முதல் பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்ற கொள்கை இருந்ததன் அர்த்தம் இங்கேதான் விளங்கும். அது வெறும் தர்மம் இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி. ரயில்வே தரும் சலுகையும் அப்படித்தான். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், துணைக்கு வருபவருக்குக் கால் பங்குதான் கட்டணம். தமிழக அரசு 2009ல் கொண்டுவந்த உயிர்காக்கும் காப்பீடும், 2012ல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் மருந்துச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டன. பஸ் டிக்கெட்டும் மாத்திரையும் ஒரே கணக்கில் சேர வேண்டியவை.

இன்றைய நிலை

அமெரிக்காவின் சிறந்த மையங்களில் இந்த நோய் வந்த குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். மூளைக்குக் கதிர்வீச்சு கொடுப்பதையே பல இடங்களில் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் அது பிழைத்த குழந்தையின் வளர்ச்சியையும் படிப்பையும் பாதித்தது. உயிரைக் காப்பாற்றினால் போதும் என்ற நிலையில் இருந்து, காப்பாற்றிய பிறகு எப்படி வாழும் என்று கேட்கும் நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது. கதிர்வீச்சு அவசியமான கட்டிகளுக்கு, பக்கத்துத் திசுக்களை அதிகம் தொடாத புரோட்டான் சிகிச்சை 2019ல் தரமணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொடங்கியது. தெற்காசியாவில் அதுதான் முதல். செலவு மிக அதிகம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம் கூட இல்லை. 2030க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 சதவீதம் பிழைக்க வேண்டும் என்று 2018ல் அந்த நிறுவனம் இலக்கு வைத்தது. நடுவில் இருக்கும் இந்தப் பெரிய இடைவெளிக்குப் புது மருந்து இல்லாதது மட்டும் காரணம் இல்லை. தாமதமாகக் கண்டுபிடிப்பது, பாதியில் விடுவது, தொற்று, ரத்தம் கிடைக்காதது ஆகியவைதான் பெரும்பகுதி.

அதில் கடைசியாகச் சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயம் மாதிரித் தெரியும். கீமோதெரபி நடக்கும்போது குழந்தையின் ரத்தத்தட்டுகள் குறைந்து எங்கிருந்தாவது ரத்தம் கசிய ஆரம்பிக்கும். அப்போது வெளியில் இருந்து தட்டணுக்கள் ஏற்ற வேண்டும். அதை ஐந்து நாளைக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. எந்தத் தொழிற்சாலையிலும் அதைத் தயாரிக்கவும் முடியாது. யாராவது ஒருவர் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்கு மேல் எடையும் நல்ல உடல்நலமும் இருக்கும் எந்தக் காலேஜ் மாணவரும் ரத்ததானம் செய்யலாம். தட்டணு தானத்துக்கு எடை கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், ரத்த வங்கியில் விசாரித்தால் சொல்வார்கள். அடுத்த தடவை உங்கள் காலேஜில் ரத்ததான முகாம் நடந்தால் கிளாஸ் கட் அடிக்க ஒரு நல்ல காரணம் கிடைத்தது என்றாவது போய் வாருங்கள்.